பழம்புடவை: துப்பட்டியா, மிதியடியா, பையா?

பீரோவின் கீழ்த்தட்டில் நைந்த பருத்திப் புடவையும் நாலு முழ வேட்டியும் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றை அடுக்கித் தைத்துப் படுக்க, போர்த்தத் துப்பட்டியாக்கலாம், கிழித்துப் பின்னி வாசலில் போடும் மிதியடியாக்கலாம், வெட்டிப் பையாக்கலாம். எதுவும் வேண்டாம் என்றால் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கிக்கொள்ளலாம். கரித்துணி, விளக்குத் திரி, தூளி இதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் ஓட்டு துப்பட்டிக்கு. மிதியடிதான் பார்க்க அழகு, பைதான் சீக்கிரம் முடியும் வேலை. ஆனால் காவிரிக் கரையில் குடியிருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, துவைத்தால் அது எத்தனை நாளில் காயும் என்பதைத்தான்.

பையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் வந்தது. துணிப்பைக்குத் தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நைந்த புடவை பைக்கு ஆகாது. அஞ்சு கிலோ அரிசியைப் போட்டுத் தூக்கினால் அடித்தையல் நிற்கும், அதை ஒட்டிய துணி பிய்ந்துகொள்ளும். பைக்கு உகந்தது பழைய ஜீன்ஸின் கால் பாகம் அல்லது பேன்ட் துணி. கைப்பிடியை வாய் ஓரத்தில் மட்டும் தைக்காமல், இரண்டு அங்குலம் உள்ளே இறக்கிக் கட்டம் கட்டி, நடுவில் பெருக்கல் குறி போல ஓட்டினால் பிய்யாது. அதோடு ஒரு வீட்டுக்கு எத்தனை பைதான் வேண்டும்? ஆறாவது பையிலிருந்து அதுவும் பீரோவின் கீழ்த்தட்டுக்குத்தான் போகும்.

நிஜப் போட்டி மிதியடிக்கும் துப்பட்டிக்கும்தான். புடவையை நீளவாக்கில் இரண்டு அங்குல நாடாக்களாகக் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, பின்னலைச் சுருளாகவோ பக்கம் பக்கமாகவோ சேர்த்துத் தைத்தால் மிதியடி. ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றில் 22, 23 நாடா தேறும். பின்னும்போது நீளத்தில் கால்பங்கு குறையும். இறுக்கமாகப் பின்னினாலும் ஒரு புடவைக்கு இரண்டடிக்கு மூன்றடி மிதியடி ஏறக்குறைய வந்துவிடும். வட்டமாகச் சுற்றும்போது பின்னலை இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடு குழிந்து கிண்ணமாகும், தளர்த்திவிட்டால் ஓரம் அப்பளம் போல நெளியும். வளைவில் மட்டும் பின்னலைச் சற்றே விட்டுக்கொடுத்து, நாலு சுற்றுக்கு ஒருமுறை தரையில் போட்டுத் தட்டிப் பார்த்தால் தப்பலாம். வழவழப்பான சிவப்புச் சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் இது சறுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பாத்ரூம் வாசலில் போடும் முன் யோசிக்க வேண்டும்.

இனி காயும் கதை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பது இங்கே வெறும் சொலவடை கிடையாது, வீட்டுக்குள் கொடி கட்டும் கணக்கு. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். வயலெல்லாம் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டிக் கிடக்கும், காற்றிலும் ஈரம். இந்த மூன்று மாதத்தில்தான் மிதியடிக்கு வேலை அதிகம், சேற்றுக்கால் வாசல்படி ஏறுவதும் அப்போதுதான். துணி மேற்பரப்பு வழியாகத்தான் காயும். பின்னலின் உள்மடிப்பில் நிற்கும் ஈரத்துக்கு வெளியே வர வழி குறைவு. வெளியே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். பின்னலைப் பிரித்து விரல் விட்டால் குளிர்ச்சி தெரியும். அந்த நிலையில் தரையில் போட்டால் இரண்டு நாளில் முடைநாற்றம், பத்து நாளில் கரும்புள்ளிப் பூஞ்சை. பிறகு எத்தனை சோடா உப்பில் ஊறவைத்தாலும் புள்ளி போகாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொல்லை இரட்டிப்பு. துணியில் தங்கும் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ வேண்டும்.

நாலு அடுக்குத் துப்பட்டியின் கனம் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கொடியில் ஒற்றையாக விரித்தால் இரண்டு பக்கமும் காற்றுப்படும். மழை நாளில் தாழ்வாரத்தில் தொங்கவிட்டு ராத்திரி ஃபேன் காற்றில் விட்டால் மறுநாள் மதியத்துக்கு மடிக்கலாம். கோடையில் காலையில் போட்டதை உச்சிவெயிலுக்கு முன்பே எடுத்துவிடலாம். ஆறு அடுக்கு, எட்டு அடுக்கு என்று ஆசைப்பட்டால் இந்தச் சாதகம் போய்விடும், அதுவும் மிதியடியைப் போலத்தான் நடந்துகொள்ளும். நாலோடு நிறுத்துங்கள்.

அளவு தானாகவே அமைகிறது. ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக மடித்தால் 1.83 மீட்டர் நீளம், புடவையின் அகலமே துப்பட்டியின் அகலம்: ஒருவர் படுக்க, போர்த்தக் கச்சிதம். நடுவே நாலு முழ வேட்டி ஒன்றை வைத்தால் நாலு அடுக்கு. வேட்டியின் கரையை வெட்டிவிட்டு, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் குறைவாக வையுங்கள், ஓரத்தில் கனம் சேராது. கும்பகோணம் பக்கம் மடிசார் கட்டும் வீடுகளில் ஒன்பது கஜம் இருந்தால் வேட்டியே வேண்டாம். நாலாக மடித்தால் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் வரும்.

தைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைத் தவறவிட்டால்தான் எல்லாம் கெடும். ஃபால்ஸைப் பிரித்தெடுங்கள், அது பெரும்பாலும் வேறு துணி, வேறு மாதிரிச் சுருங்கும். கஞ்சியை வெந்நீரில் முழுக்கப் போக்குங்கள். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது, ராமபாணப் பூச்சிக்கும் அதுவே விருந்து. புதுத்துணி எதையும் உள்ளே கலக்காதீர்கள், முதல் துவையலிலேயே அது சுருங்கி மற்ற அடுக்குகளைக் கொசுவிவிடும். அரக்கு, கருநீலம் என்றால் ஈர வெள்ளைத்துணியை வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள், சாயம் ஏறினால் தள்ளிவையுங்கள். பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்தலாம்: பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும், பட்டு மயிர் கருகும் வாசனை தரும். கடைசியாக, இரண்டு கட்டைவிரலாலும் துணியை இழுத்துப் பாருங்கள். கொசுவம் செருகும் இடமும் கீழ்க்கரை ஓரமும்தான் முதலில் நையும். நைந்த பகுதி உள் அடுக்கில் வருமாறு மடியுங்கள், முந்தானை மேலே இருக்கட்டும்.

துடைத்த தரையில் விரித்து நாலு மூலையிலும் அம்மிக்குழவி, சொம்பு என்று ஏதாவது கனம் வைத்து, கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். நடுவிலிருந்து வெளியே போக வேண்டும், ஒரு சாணுக்கு ஒரு வரி. இதை ஓரத்திலிருந்து தொடங்கினால் அடுக்குகள் நகர்ந்து நடுவில் பை கட்டிக்கொள்ளும். பிறகு ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி நேராக ஓட்டுவது), வரிக்கு வரி ஒன்றரை அங்குல இடைவெளி. துணி ரொம்ப நைந்திருந்தால் ஓர் அங்குலம். ஒன்றரை அங்குலக் கணக்கில் மொத்தம் 29, 30 வரி. நூல் ஏறக்குறைய 65 மீட்டர் பிடிக்கும். எம்பிராய்டரி நூல்கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை. மூன்று மூன்று இழையாகப் பிரித்தால் நாலைந்து கண்டு போதும். பாலியஸ்டர் நூல் வேண்டாம், நைந்த பருத்தியை அறுத்துவிடும். கட்டம் போட்ட செட்டிநாட்டுப் புடவை கிடைத்தால் கோடு கிழிக்கும் வேலையே இல்லை. வங்காளத்தில் பழந்துணியை அடுக்கித் தைக்கும் காந்தாவும் இதே ஓட்டுத்தையல்தான். அங்கே பூவும் மீனும் வரைந்து தைப்பார்கள். நமக்கு நேர்கோடு போதும்.

கையால் தைத்தால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது. துப்பட்டியின் பெரிய குறை இதுதான், மிதியடி இரண்டு மூன்று மாலைப்பொழுதில் முடிந்துவிடும். மிஷினில் 16 நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை அதிகபட்சத்துக்குத் தள்ளி ஓட்டினால் துப்பட்டியும் ஒரு பிற்பகல் வேலைதான். ஆனால் பொடித்தையல் நைந்த துணியில் வரிசையாக ஓட்டை போட்டு, அந்தக் கோட்டிலேயே கிழியவிடும். தையல் நீளம் நாலு மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

பழுது பார்ப்பதிலும் துப்பட்டிக்கே மதிப்பெண். மிதியடியில் ஒரு பின்னல் அறுந்தால் அங்கிருந்து அவிழும். துப்பட்டி கிழிந்தால் கிழிசலைவிட ஓர் அங்குலம் பெரிய துண்டு வெட்டி, ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, மடிப்பில் ஊசி ஏற்றித் தைத்தால் முடிந்தது. திருவாரூர்த் தேரில் தொங்கும் தொம்பைகளில் (உருளை வடிவத் துணித் தொங்கல்கள்) துணி மேல் துணி வைத்து உருவங்களைத் தைக்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலை.

பட்டுக்கும் இதே கணக்கு ஒத்துவரும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். பட்டு வழுக்கும், வெந்நீர் ஆகாது. கூறைநாட்டுப் புடவை போலப் பட்டும் பருத்தியும் கலந்ததை நாலு அடுக்கில் போடுவதைவிட மேல்முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது பத்திரம். அசல் சரிகை போட்ட பழம்பட்டில் கத்திரி வைக்கும் முன், வெள்ளிக்காக அதை வாங்குபவரிடம் விலை கேட்டுவிடுங்கள்.

மிதியடிதான் வேண்டும் என்றால், நாடாக்களைப் பின்னாமல் மூன்றே அடுக்குத் துணியைத் துப்பட்டி முறையிலேயே இரண்டடிக்கு ஒன்றரை அடியில் தைத்து, மழைக்காலத்துக்கென்று நாலைந்து வைத்துக்கொண்டு மாற்றிப் போடுங்கள். பீரோவில் மிச்சமிருக்கும் வேட்டிகளை அதற்கு எடுத்துக்கொள்ளலாம்.