சயாம் மரண ரயில் பேக்கேஜுக்கு பணம் கட்டப் போறவங்க இத ஒரு தடவ படிச்சிருங்க

"நம்ம முன்னோர்கள் வேலை செஞ்ச கேம்ப் இருந்த அதே இடத்துல, ஆத்தோர ரிசார்ட்ல தங்கலாம், தமிழ் பேசுற கைடு"ன்னு தாய்லாந்துல, ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் பர்மாவுக்கு ரயில் பாதை போட்ட காஞ்சனாபுரிக்கு ஒரு பேக்கேஜ் வாட்ஸ்அப்ல சுத்துதுல்ல, அதுல போயிட்டு வந்து சொல்றேன், பணத்த கட்டிராதீங்க. ஏஜென்ட் பேர போட்டா சண்டைக்கு வருவான், அதனால போடல.

கைடுக்கு வணக்கம்ங்குறத தாண்டி தமிழ் வராது. வார் செமட்ரியில இறக்கி விட்டான், 6,982 கல்லறை, பிரிட்டிஷ் ஆஸ்திரேலிய டச்சு போர்க் கைதிங்க, புல்லெல்லாம் அழகா வெட்டி வச்சிருக்காங்க. ஆனா 415 கிலோமீட்டர் பாதைய போட ஜப்பான்காரன் இழுத்துட்டு போனதுல ரெண்டு லட்சத்துக்கு மேல ஆசியத் தொழிலாளிங்க, மலாயா தோட்டத்து தமிழாளுங்க எத்தன பேரு, அவங்க எங்கன்னு கேட்டா பய போன நோண்டுறான். அம்மாவோட பெரியப்பா 1943ல பேராக் தோட்டத்துலேர்ந்து லாரியில போனவரு, திரும்பவே இல்ல, அவருக்காகத்தான் அம்மாவ கூட்டிட்டு போனதே.

ரிசார்ட் வாசல்ல மூங்கில் கொட்டாய் ஒண்ணு, உள்ள படுக்க மூங்கில் மேடை, ஆணியில ஓலத் தொப்பி, பக்கத்துல சம்மட்டி, மாட்டிக்கிட்டு போட்டோ எடுக்க 100 பாத். இந்த மாதிரி கொட்டாயிலதான் 1943 மழைக்காலத்துல காலரா வந்து, பாக்க டாக்டர் கூட இல்லாம கொத்து கொத்தா செத்தாங்க. அம்மா தொப்பிய எடுத்து திருப்பிப் பாத்தாங்க, திரும்ப ஆணியிலயே மாட்டிட்டு ரூமுக்கு போயிட்டாங்க. ராத்திரி ஆத்துல மிதவைல கரோக்கே வேற.

இதுல கூத்து என்னன்னா, மேனேஜர்கிட்ட கேம்ப் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேட்டேன், கேம்ப்பா, இது மரவள்ளித் தோட்டமா கெடந்த எடம்ங்குறாரு! ஏஜென்ட் சாவையும் சேத்து வித்திருக்கான். ரிசார்ட் கட்டுறவங்கள நான் குத்தம் சொல்லல, அந்த ஊர் ஜனமும் பொழைக்கணும்.

பாக்கணும்னா நீங்களே போங்க. டவுன்ல ரூம் போட்டு, நாம் தோக்ங்குற ஊருக்கு போற ரயில்ல ஏறுனா பழைய பாதையிலயே போகலாம், பாறைய வெட்டி பாதை போட்ட எடமான ஹெல்ஃபயர் பாஸ்ல இருக்குற மியூசியத்துக்கு டிக்கெட்டே கிடையாது. வாட் தாவோர்ன் வராராம் கோயில், செமட்ரிலேர்ந்து நடக்குற தூரந்தான், தமிழாளுங்களுக்கு நடுகல் அங்கதான் இருக்கு. பேக்கேஜ் லிஸ்ட்ல இருந்தும் கைடு காட்டவே இல்ல, நாங்களா விசாரிச்சு போனோம்.

ஏற்கனவே ஏமாந்தவங்க போஸ்டர், ரசீது, சாட் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிக்கிட்டு மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல கேஸ் போடுங்க, ஃபீஸ் 5 வெள்ளிதான், வக்கீல் வேணாம். "ப்ரோக்ராம் மாறலாம்னு சின்ன எழுத்துல போட்டிருக்கோமே"ன்னு பேசுன ஏஜென்ட், நான் கேஸ் போட்டதும் பாதி பணம் தரேன் வாபஸ் வாங்குங்கன்னு போன் பண்றான். முழுசா குடுன்னு சொல்லிட்டேன்.