இலவச டூர் வவுச்சர்: பணம் கட்டிப் போவதா, நாமே புக் செய்வதா, புகார் கொடுப்பதா?

மால் வாசலில் ஒரு கூப்பனை நிரப்பிப் போட்டோம். பத்தே நாளில் போன். "சார், குலுக்கல்ல உங்க பேர் வந்திருக்கு. மூணு பகல், ரெண்டு ராத்திரி, நாலு பேருக்கு ஃப்ரீ. கணவன் மனைவி சேர்ந்து வந்து வாங்கிக்கணும்." ஒன்றரை மணி நேரம் என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அவர்கள் விற்கப் பார்த்த இரண்டு லட்ச ரூபாய் சுற்றுலா கிளப் மெம்பர்ஷிப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி முடித்த பிறகுதான் வவுச்சர் கைக்கு வந்தது. கொடைக்கானல் என்றதும் பிள்ளைகள் அன்றைக்கே ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

வவுச்சரின் பின்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மனைவி அதைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தாள். 15 நாளுக்குள் 999 ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். 45 நாள் முன்னதாக மூன்று தேதி, மூன்று ஊர் எழுதித் தர வேண்டும்; எது காலியோ அதுதான். வெள்ளி, சனி, ஞாயிறு கிடையாது. ஏப்ரல், மே கிடையாது. பண்டிகை விடுமுறைகள் கிடையாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கு மேல் எந்த நாள் மிச்சம்?

999 ரூபாயைக் கட்டினோம். இரண்டு முறை தேதி கொடுத்தோம். இரண்டு முறையும் "ரூம் ஃபுல்". அதன் பிறகுதான் எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருப்பதே உறைத்தது.

முதல் வழி, கேட்பதையெல்லாம் கட்டி வவுச்சரிலேயே போவது. அறை வாடகை இல்லை, ஆனால் பராமரிப்புக் கட்டணம் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 600 ரூபாய். நாலு பேருக்கு இரண்டு ராத்திரி என்றால் 4,800. சாப்பாடு அந்த ஹோட்டலிலேயே கட்டாயம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 700, இரண்டு நாள் கணக்கில் 5,600. பதிவுப் பணத்தையும் சேர்த்தால் 11,399 ரூபாய். பஸ் செலவு தனி.

இரண்டாவது வழி, வவுச்சரை மறந்துவிட்டு நாமே புக் செய்வது. அதே கொடைக்கானலில், சீசன் இல்லாத வாரநாளில், நாலு பேர் தங்கும் அறை ஒரு ராத்திரிக்கு 2,800 என்று கிடைத்தது. இரண்டு ராத்திரிக்கு 5,600. வெளியே சாப்பிட ஒரு 4,000 வைத்துக்கொண்டாலும் மொத்தம் 9,600தான். தேதி நம் கையில், ஊர் நம் கையில். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடும் அங்கே இருக்கிறது. வாடகையை அதன் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும்.

சரி, வவுச்சர் யாருக்குமே உதவாதா? பணி ஓய்வு பெற்ற தம்பதி, எந்த ஊர் கிடைத்தாலும் சரி, செவ்வாய் புதன் போனாலும் சரி என்றால் கணக்கு ஏறக்குறைய சமமாக வரலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இரண்டாவது வழியே மேல் என்று அடித்துச் சொல்வேன். ஏற்கெனவே கட்டிய 999 வீணாகிறதே என்றுதான் மனசு இன்னும் பத்தாயிரம் கட்டத் துடிக்கும். எனக்கும் துடித்தது.

மூன்றாவது வழியான புகாரைப் பலர் யோசிப்பதே இல்லை. சும்மா கிடைத்ததற்கு எப்படிச் சண்டை போடுவது என்று கூச்சம். அந்தக் கூச்சம் தேவையில்லை. பரிசு என்று அறிவித்துவிட்டு, சொன்னபடி தராமலிருக்கும் எண்ணத்தோடு நடப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முழுவதுமாகவோ பாதியாகவோ காசு வாங்கிக்கொண்டு இலவசம் போலக் காட்டுவதும் அப்படித்தான். 2022இல் வந்த விளம்பர வழிகாட்டு நெறிகள் இன்னும் தெளிவு: விளம்பரத்துக்குப் பதில் போடவும் பொருளைப் பெற்றுக்கொள்ளவும் ஆகும் தவிர்க்க முடியாத செலவு தவிர வேறு காசு கேட்டால், அதை இலவசம் என்று சொல்லவே கூடாது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் என்றால் காசு கொடுத்து வாங்கியவர். ஒரு பைசாவும் கட்டாமல் வவுச்சர் மட்டும் வாங்கி வந்தவருடைய வழக்கு பலவீனம். பதிவுக் கட்டணம் கட்டியவர், பொருள் வாங்கியபோது வவுச்சர் பெற்றவர், மெம்பர்ஷிப்பில் மாட்டியவர் ஆகியோருக்குத்தான் பிடி இருக்கிறது. எங்களைக் காப்பாற்றியதும் அந்த 999 ரூபாய் ரசீதுதான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவறவிடக் கூடாது.

நாங்கள் 1915ஓடு நிறுத்திக்கொண்டோம். வவுச்சரின் இரண்டு பக்கப் படம், பணம் கட்டிய ரசீது, தேதி கேட்டு அனுப்பிய இரண்டு மெயில், "ரூம் ஃபுல்" என்று வந்த பதில்கள், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். ஐந்தாவது வாரம் 999 ரூபாய் கணக்கில் திரும்ப வந்தது. காலாண்டு விடுமுறையில் நாங்களே அறை போட்டுக் கொடைக்கானல் போய் வந்தோம்.