கனாஸ்திரா சீஸ் ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிரேசிலில் சாவோ ரோக்கி டி மினாஸ் பக்கம் போக நினைப்பவர்கள், வெளியூர் ஏஜென்ட்டிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். நானும் மனைவியும் பட்டது போதும்.

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் உள்ளே, சுற்றிலும் மாட்டுப் பண்ணையும் காபித் தோட்டமுமாக இருக்கிற சின்ன ஊர் அது. மேலே கனாஸ்திரா மலை. சாவோ பிரான்சிஸ்கோ ஆறு பிறக்கும் இடம். நாங்கள் முக்கியமாகப் போனது சீஸுக்காக. மினாஸ் கைப்பக்குவச் சீஸ் செய்முறையை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

மாநிலத் தலைநகரான பெலோ ஒரிசோன்ட்டியில் இருந்த ஏஜென்ட் சொன்னது இது: ஓர் இரவு பண்ணையில் தங்கல், விடிகாலையில் கறவையும் சீஸ் செய்வதும் பார்க்கலாம், அப்புறம் ஜீப்பில் தேசியப் பூங்கா. வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் போகும் பிரேசிலின் பிக்ஸ் முறையில் முழுத் தொகையும் வாங்கிக்கொண்டார்.

வந்தது ஒரு சின்னக் கார். ராத்திரி கொண்டுபோய் இறக்கியது நெடுஞ்சாலை ஓர விடுதியில். மறுநாள் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அந்த வீட்டம்மாவுக்கு நாங்கள் வருவதே தெரியாது. பதிவும் இல்லை, ஒரு காசும் போய்ச் சேரவில்லை. "கறந்த சூட்டோடு பாலை உறையூற்றிவிடுவோம். விடியும்போதே வந்திருக்க வேண்டுமே" என்று எங்களைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

இருந்தும் அறையைத் திறந்து காட்டினார். சரிவான பலகையில் வட்ட அச்சுகள், மேலே கல்லுப்பு. கட்டியிலிருந்து வடியும் நீர் ஓரமாக ஓடி ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் பிங்கோ. மறுநாள் பச்சைப் பாலுக்கு அதுதான் உறை. இந்த மண்ணின் ருசி அதில்தான் இருக்கிறது என்றார். அசல் சீஸின் தோலில் பதிந்திருக்கும், எண் போட்ட கேசீன் (பால் புரதம்) முத்திரையையும் தொட்டுக் காட்டினார்.

அது உடனே உதவியது. திரும்பும் வழியில் டிரைவர் தானாகவே ஒரு கடையில் நிறுத்தி, "இதுதான் அசல் கனாஸ்திரா" என்றார். எந்தக் கட்டியிலும் முத்திரை இல்லை. வாங்காமல் கிளம்பினோம், அவர் முகம் மாறிவிட்டது.

பூங்காவையும் பார்க்கவில்லை. மழைக்காலம், மண் சாலை முழுக்கச் சேறும் கல்லும். அந்தக் கார் ஏறாது என்று டிரைவரே சொல்லிவிட்டார். ஜீப் வேண்டுமென்றால் இன்னும் 600 ரெயால் கொடுங்கள் என்றார். ஜீப்புக்கும் சேர்த்துத்தானே ஏற்கெனவே கட்டினோம்! ஏஜென்ட்டுக்குப் போட்ட செய்திகளுக்குப் பதில் இல்லை. பிறகு ஒரே வரி: பயணம் முடிந்துவிட்டது, பணம் திரும்பாது.

பிக்ஸில் போன பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது மோசடிக்குத்தான். சொன்னபடி சேவை தராதது அதில் வராது என்று வங்கி கைவிரித்துவிட்டது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவிக்கவாவது வழி உண்டு. பண்ணைக்கு நீங்களே செய்தி அனுப்பி, எத்தனை மணிக்குக் கறக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, முந்தின இரவே ஊருக்குள் தங்குங்கள். ஜீப்பை உள்ளூரில் பேசிக்கொள்ளலாம். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, சாலையும் பரவாயில்லை.

நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமான புரோகானில், ஏஜென்ட் அனுப்பிய செய்திகளையும் பிக்ஸ் ரசீதையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.