ஆன்லைனில் வாங்கிய ஃபைகஸ் போன்சாய்: ஒரு வருஷத்துக்கு அப்புறம்

போன வருஷம் மார்ச்சில் ஆன்லைனில் ஒரு ஃபைகஸ் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் ஆல், அத்தி இன மரம்) வாங்கினேன், 1,200 ரூபாய், கடை பெயர் வேண்டாம். பேக்கிங் அருமை, ஒரு இலைகூட ஒடியவில்லை. அடிமரம் கிழங்கு மாதிரி பருத்து, தலையில் ஒட்டுக்கட்டிய கிளைகளோடு பார்க்க அழகாகவே இருந்தது.

குறை தொட்டியில்தான். மண்மேல் கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஊற்றிய தண்ணீர் அப்படியே ஓரமாக வழிந்துபோகிறது, இரண்டு கல்லை நெம்பிப் பார்த்தால் உள்ளே கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) காய்ந்து கிடக்கிறது! இதை வாங்கினால் முதல் வேலையாக அந்தக் கற்களைப் பெயர்த்துவிடுங்கள். வீட்டுக்குள் வைக்கலாம் என்று துண்டுச்சீட்டில் இருந்ததை நம்பி ஹாலில் வைத்ததில் பாதி இலை கொட்டியது. பால்கனியில் காலை வெயிலுக்கு மாற்றிய பிறகுதான் தேறியது.

கூடவே ஒரு கத்தரி தந்தார்கள். பச்சைத் தண்டுக்குப் போதும், பென்சில் கனக் கிளையை வெட்டாமல் நசுக்குகிறது. கத்தரி கையில் இருந்தால் சும்மா இருக்க முடியாது, வந்த வாரமே வடிவம் கொண்டுவரக் கிளம்பினேன். பக்கத்து நர்சரிப் பெரியவர்தான், "கத்தரியை உள்ள வைங்க தம்பி, மொதல்ல வேர் பிடிக்கட்டும்" என்று தடுத்தார். இரண்டு மாதம் தண்ணீர் மட்டும்தான். அப்புறம் புதுத் தளிரில் ஆறேழு இலை வந்ததும் இரண்டு இலை விட்டு வெட்டினேன். வெட்டிய இடத்தில் பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றினால் போதும். சில வாரத்தில் இலைக்காம்பின் அடியில் அரிசி நுனி அளவுக்குப் பச்சையாக ஒரு மொட்டு, அதைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெட்டுவதைவிட வெட்டாமல் விடுவதுதான் கஷ்டம். கீழ்க்கிளை ஒன்று பேனா ரீஃபில் கனத்தில்தான் இருந்தது. கிளை பருக்க இலை வேண்டும், அதனால் மேலே மட்டும் அடக்கிவிட்டு இதை ஓடவிட்டேன். பல மாதம் ஒரு பக்கம் மட்டும் நீண்டு மரமே கோணலாகத் தெரிந்தது, வருகிறவர்கள் எல்லாம் வெட்டச் சொன்னார்கள். இப்போது பென்சில் கனம்.

சரி, வாங்கலாமா? பரிசாகக் கொடுக்க வாங்கலாம். பழக வேண்டும் என்றால் நர்சரியில் 80 ரூபாய்க்குக் கல் இச்சிக் கன்று (இதுவும் ஃபைகஸ்தான்) கிடைக்கிறது, இரண்டு வாங்கி ஒன்றை வெட்டுங்கள், இன்னொன்றைத் தொடாமல் வளரவிடுங்கள். மிச்சக் காசுக்கு நல்ல கத்தரி வந்துவிடும்.