மலைக்கு ஆள் கேட்டு அழைக்கும் கம்பனிகள்: கைட் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

அப்புத்தளை, எல்ல, ஹட்டன், நுவரெலியா பக்கம் ஃப்ரீலான்ஸாக கைட் வேலை செய்கிறவர்களுக்கும், தோட்டத்திலிருந்து புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சுற்றுலாக் கம்பனி என்னிடம் வேலை வாங்கிவிட்டுக் காசு தரவில்லை. அதோடு விடாமல், என் சான்றிதழைக் காட்டி வேறு ஆளை மலைக்கு அனுப்பியிருக்கிறது. விஷயம் வழக்குக்குப் போக இருப்பதால் பெயரைப் பொதுவில் போடவில்லை. ஆனால் அவர்கள் பேசுகிற விதத்தையும் வேலை வாங்குகிற விதத்தையும் முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் அழைத்தவர் மிக மரியாதையாகப் பேசினார். தனக்கும் சொந்த ஊர் பதுளைப் பக்கம்தான் என்றார். "வெளியாட்களுக்குக் குடுக்கிறதை விட நம்ம பிள்ளைகளுக்கு வேலை குடுப்போம்னுதான் பார்க்கிறோம் தம்பி" என்றார். அப்படி ஒருவர் சொன்னால் யாருக்கும் மனம் இளகும். முதல் வேலை சின்னது. தம்பேதன்னை வழியாக லிப்டன் சீட் காட்சிமுனைக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போய்வர வேண்டும். அன்று இரவே காசு கணக்குக்கு வந்துவிட்டது. அது தூண்டிலில் மாட்டிய புழு என்பது பிறகுதான் புரிந்தது. இதே கம்பனியிடம் ஏமாந்த வேறு கைட்களும் தங்களுக்கு முதல் வேலையில் ஒழுங்காகக் காசு வந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்து வந்தது பெரிய குழு. ஹோர்ட்டன் சமவெளியில் கிரிகல்பொத்த ஏற்றம், எல்லப் பக்கம் நடை, கடைசி நாள் ஒரு பாறைச் சரிவில் கயிற்றில் இறங்குவது. நாள் சம்பளம் எவ்வளவு, உதவியாளுக்கு எவ்வளவு, பூங்கா நுழைவு டிக்கெட் செலவு யாருடையது என்று எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு வாங்கினேன். டிக்கெட் கம்பனியின் செலவு என்றுதான் அதில் தெளிவாக இருந்தது.

நாட்டின் மிக உயரமான பிதுருதலாகலை 2,524 மீட்டர். அதன் உச்சி பாதுகாப்பு வலயம், கால்நடையாக ஏற விடமாட்டார்கள். அதனால் நடந்து ஏற ஆசைப்படுகிறவர்கள் இரண்டாவது உயரமான கிரிகல்பொத்தவுக்கு வருகிறார்கள். அதே சமவெளியில் 'உலக முடிவு' (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கப் போகிற கூட்டம் அந்தப் பாதையில் இல்லை. ஆனால் மதியத்துக்குப் பிறகு மூடுபனியும் இடியும் வரும் என்பதால் விடிவதற்குள் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். முந்தின இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தது. "கார்டு வேலை செய்யுதில்லை தம்பி, டிக்கெட்டை நீங்க போடுங்க, காலையில காசு வந்துடும்." வெளிநாட்டவருக்கான டிக்கெட் என்ன விலை என்று இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு குழுவுக்குச் சேர்த்துப் போட்டால் நம்முடைய பல நாள் சம்பளம் அதிலேயே போய்விடும். ஆட்கள் பூங்காவுக்குப் பக்கத்து ஒஹியாவில் வந்து தங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அது தெரிந்துதான் அந்த நேரத்தில் கேட்கிறார்கள். காசு காலையிலும் வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை.

எல்லப் பக்கம் நடக்க வேண்டிய நாளில் நல்ல மழை. அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருந்தது, இரண்டாம் கட்டம், செம்மஞ்சள். நான் சரிவுப் பாதையை விட்டு ரோட்டோரமாகக் கூட்டிப் போனேன். உடனே மனேஜரிடமிருந்து அழைப்பு. "கெஸ்ட் அந்த வியூவுக்குத்தான் காசு கட்டியிருக்காங்க, எச்சரிக்கை எல்லாம் வழக்கமா வர்றதுதானே" என்றார். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதைப் பதுளை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பலருடைய உடல்களை எடுக்கவே முடியவில்லை. பதுளைக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவரால் எப்படி அப்படிப் பேச முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கயிறு விஷயம் இதைவிட மோசம். கடைசி நாள் வான் வண்டியில் (van) சாமான்கள் வந்தன. ஹெல்மெட்டுகள் ஒரு பெட்டியில் இருந்தன, கயிறுகள் இரண்டும் பழைய உரப் பையில். பையை அவிழ்த்ததுமே மருந்து வாடை வந்தது. கயிற்றைக் கையில் எடுத்து நுனியிலிருந்து நுனிவரை விரல்களுக்கு நடுவே விட்டுப் பார்த்தேன். இதை எந்த இடத்திலும் விடாமல் செய்யுங்கள். வெளியே தெரியும் உறை உள்ளே இருக்கும் நார்களைக் காப்பதற்குத்தான், பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த உள் நார்தான். ஒரு கயிற்றின் நடுப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு விரலில் தட்டையாக, பொதபொதவென்று பட்டது. அந்த இடத்தை வளைத்தேன். நல்ல கயிறு வட்டமாக வளையும், இது கூராக மடிந்தது. உள்ளே நார் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நுனியில் தயாரித்த ஆண்டு போட்ட சிட்டை இல்லை. பாவிக்காமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்பதுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை. வெயிலும் கயிற்றைக் கெடுக்கும். அமிலம் பட்ட நைலான் வெளியே ஒன்றும் தெரியாமலே பலமிழந்துவிடும். உரப் பைக்குள் எது பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"போன சீசன் முழுக்க இதுலதான் இறக்கினாங்க, ஒண்ணும் ஆகலை" என்றார் வானில் வந்தவர். நான் அந்தக் கயிறுகளைத் தொடவில்லை. என்னிடம் இருந்த சொந்தக் கயிற்றில், அதன் நீளத்துக்கு ஏற்ற உயரம் குறைந்த இடத்தில் எல்லோரையும் இறக்கினேன். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் போனார்கள்.

அப்புறம் காசு கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு கதை. கெஸ்ட் இன்னும் கட்டவில்லை, கணக்காளர் லீவு, பேங்க் சிஸ்டம் பிழை. கடைசியில், நிகழ்ச்சியைக் குறைத்துவிட்டதாக கெஸ்ட் புகார் செய்திருப்பதால் சம்பளத்தில் பாதியை வெட்டுகிறோம் என்றார்கள். அந்தக் குழுவில் ஒரு அம்மா எனக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். அவரிடமே நேராகக் கேட்டேன். புகார் எதுவும் செய்யவில்லை, முழுத் தொகையையும் இலங்கைக்கு வர முன்பே கட்டிவிட்டோம் என்று பதில் வந்தது. அதை அப்படியே கம்பனிக்கு அனுப்பினேன். அன்றோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். சொன்ன பாதிகூட வரவில்லை. என்னோடு உதவிக்கு வந்த தோட்டத்துப் பையனுக்கு நான் என் கையிலிருந்து கொடுத்தேன். அவன் உழைத்த உழைப்புக்கு அவனைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் காசு சம்பந்தப்பட்டது. எனக்குத் தூக்கம் போனது அதற்குப் பிறகு நடந்ததில். நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அழைத்து, "உன் முதலுதவிச் சான்றிதழை போனில் வைத்துக்கொண்டு ஒரு பொடியன் ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறான், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பதிவுக்கு என்று சொல்லி என்னிடம் வாங்கிய பிரதி அது. அந்தப் பையனுக்கு கயிறு கட்டத் தெரியாது, முதலுதவியும் தெரியாது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனையும் ஏமாற்றித்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்டில் ஒருவர் விழுந்திருந்தால் பொலிஸ் தேடி வந்திருப்பது என் பெயரைத்தான்.

பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். மத்தியஸ்த சபைக்கு மனுக் கொடுத்தேன், கம்பனித் தரப்பில் ஒருவரும் வரவில்லை. சபையால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து நீதிமன்றம் போகலாம். செலவும் மிகக் குறைவு. ஊழியர் சேமலாப நிதி கட்டும் நிரந்தர வேலைக்காரர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு நமக்கு இல்லை என்பதால், கையில் இருக்கும் எழுத்துதான் எல்லாம். டிக்கெட் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், வானில் வந்த கயிற்றின் படம் என்று எல்லாவற்றையும் வைத்திருந்ததால்தான் என்னால் இவ்வளவு தூரம் வர முடிந்தது.

சான்றிதழ்ப் பிரதி கேட்டால், எந்தக் கம்பனிக்கு, எந்தத் திகதி வேலைக்கு என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். டிக்கெட் காசு முதல் நாள் மாலைக்குள் வரவில்லையென்றால் டிக்கெட் போடமாட்டேன் என்று வேலையை ஒப்புக்கொள்ளும்போதே எழுதிவிடுங்கள், இரவு பத்து மணிக்குச் சொல்ல வேண்டாம். எச்சரிக்கை வந்தால் பாதையை மாற்றும் முடிவு கைடுடையது என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதி இருக்கிறது என்பார்கள். அது கெஸ்டுக்கு மட்டுமா, உங்களுக்குமா என்று கேட்டு, பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். கயிற்று வேலை என்றால் சாமான்களை முதல் நாளே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வேலை வேண்டாம்.

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு) சிவனொளிபாதமலை சீசன் தொடங்கும். அதே கம்பனி இப்போதே நல்லதண்ணிப் பக்கம் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். கொழும்பிலிருந்து இப்படி யாராவது அழைத்தால், ஒப்புக்கொள்ளும் முன் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள், அவர்கள்தானா என்று சொல்கிறேன். ஏற்கெனவே அவர்களிடம் காசு நிற்கிறவர்கள் பற்றுச்சீட்டுகளையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தொடர்புகொள்ளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது ஒரே ஆளின் கையெழுத்தோடு போகக் கூடாது.