பேட்டரி இறங்கிய காரை எழுப்ப எது நல்லது: தள்ளுவதா, கேபிளா, ஜம்ப் ஸ்டார்ட்டரா?

கம்பம் பள்ளத்தாக்கில் கார் வைத்திருப்பவர்களுக்கு பேட்டரி விஷயத்தில் இரண்டு பக்கமும் அடி. கம்பம், கூடலூர் வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் சூட்டில் சீக்கிரம் அரித்துப் போகும். ஆனால் அந்த பலவீனம் கீழே இருக்கும்வரை தெரியாது. குமுளியிலோ வண்டிப்பெரியாற்றிலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, விடியற்காலைக் குளிரில் சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும். குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும். கரண்ட் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும். டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இதற்கு என்ன வாங்கி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டி ராத்திரி எங்கே நிற்கும், அங்கே பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதைத்தான். பெட்டியில் அச்சடித்திருக்கும் ஆம்பியர் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்கும் முன்னால், கோளாறு பேட்டரியில்தானா என்று பார்த்துவிட வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் கிடைக்கிறது. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. 12.6 காட்டியும் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால், அந்த பேட்டரியின் காலம் முடிந்தது, எந்தக் கருவியும் அதை மீட்காது. முள் அசையாமல் 12.5-லேயே நின்று, செல்ஃபும் அடிக்காவிட்டால், டெர்மினலில் (பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளில்) படிந்த பூஞ்சையோ செல்ஃப் மோட்டாரோதான் காரணம். வெள்ளைப் பூஞ்சை படிந்த டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்கியதும் ஓடிப்போன வண்டிகள் நிறைய.

இப்போது தள்ளி ஸ்டார்ட் செய்வது. காசு செலவில்லை, நாலு பேர் போதும், மலைச்சரிவு வேறு இருக்கிறது என்பதால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இதுதான் முதலில் தோன்றும். கியர் போடும் வண்டியில், சாவி ஆனில், கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் வைத்து, கொஞ்சம் வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது நடக்காது. கியர் வண்டியிலும் பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தால் நடக்காது, ஏனென்றால் வண்டிக்குள் இருக்கும் எரிபொருள் பம்புக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். இதெல்லாம் போகட்டும், என் பயம் வேறு. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டர் (மிதியை லேசாக்கும் பாகம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. சமதளத்தில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் பாதையிலோ கம்பம்மெட்டு வளைவுகளிலோ உயிர் போகும் விஷயம். மலைச்சரிவில் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். தெருவில், மைதானத்தில் தள்ளுங்கள், போதும்.

ஜம்பர் கேபிள், அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஒயர், எளிமையானது, விலை ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரம், சார்ஜ் போட வேண்டியதில்லை, பத்து வருடம் டிக்கியில் கிடந்தாலும் கெடாது. அதன் ஒரே குறை, பக்கத்தில் இன்னொரு வண்டி வேண்டும். நம் ஊரில் அது பெரிய குறையே இல்லை. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் விடியற்காலையிலேயே மலைப்பாதையில் வரிசை கட்டிவிடும். அவற்றில் இருப்பது 12 வோல்ட் டீசல் பேட்டரி, சின்ன காருக்குத் தாராளம். திராட்சைத் தோட்டத்துப் பக்கம் டிராக்டர் கிடைக்கும், அதுவும் பொதுவாக 12 வோல்ட்தான். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

லாரிதான் ஆபத்து. நடுரோட்டில் நிற்கும் காரைப் பார்த்து நல்ல மனசோடு லாரிக்காரர் நிறுத்துவார். ஆனால் பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். அதை அப்படியே காரில் மாட்டினால் காரின் எலக்ட்ரானிக்ஸ் கருகும், பேட்டரியே வெடிக்கவும் கூடும். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஹைபிரிட் வண்டியிலிருந்தும் எலக்ட்ரிக் காரிலிருந்தும் கரண்ட் எடுக்கக் கூடாது. அந்த வண்டிகளில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இந்த வேலைக்கு ஆனதல்ல.

மாட்டும் வரிசையும் முக்கியம். சிவப்பை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் முதலில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையை இறங்கிய வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி முனையை பேட்டரியிலேயே மாட்டினால் அங்கே ஒரு பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன், பொறி பட்டால் வெடிக்கும். மாட்டியதும் உடனே செல்ஃப் அடிக்காமல், கரண்ட் கொடுக்கும் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அடித்தால் பாதி சிரமம் குறையும். கேபிள் வாங்கும்போது ரப்பர் உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது, உள்ளே ஓடும் செம்பு எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். மலிவுக் கேபிள்களில் செம்பு பூசிய அலுமினியம் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சூடாகும், கரண்ட் போய்ச் சேராது.

ஜம்ப் ஸ்டார்ட்டர் பெரிய பவர் பேங்க் மாதிரி கையடக்கமாக இருக்கிறது, இதைக்கொண்டு காரை எழுப்புவதா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டால் தெளிவாகும். பெட்டியில் 12,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று போட்டிருந்தால், அது 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. மொத்தச் சக்தி சுமார் 44 வாட் ஹவர். சின்ன காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 420 வாட் ஹவர், அதாவது பத்து மடங்கு. ஆக, இது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி அல்ல. ஆனால் ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு தேவை? 150 ஆம்பியர், 10 வோல்ட், மூன்று விநாடி என்று வைத்தால் ஒன்றேகால் வாட் ஹவர்தான். லித்தியம் செல் குறைந்த நேரத்தில் நிறைய கரண்ட் தள்ளக்கூடியது, அதனால்தான் இத்தனை சின்னப் பெட்டி இத்தனை பெரிய வேலை செய்கிறது.

ஒற்றை ஆளாகப் போகிறவர்களுக்கு, ராத்திரியில் எஸ்டேட் ரோட்டில் போகிற பெண்களுக்கு, ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தலைகீழாக மாட்டினால் எச்சரிக்கும் பாதுகாப்பு கிளிப் நல்ல கருவிகளில் வருகிறது, சாதாரணக் கேபிளில் அது கிடையாது. 'பீக் ஆம்பியர்' என்று முகப்பில் போடும் 2000, 3000 எல்லாம் கண நேர உச்சம். அதை விட்டுவிட்டு, எத்தனை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எத்தனை லிட்டர் டீசல் எஞ்சின் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, உங்கள் வண்டியைவிட ஒரு படி மேலாக வாங்குங்கள். டீசலுக்கு எப்போதும் கூடுதல் வேண்டும். அடியோடு தீர்ந்த பேட்டரியை இந்த ஸ்மார்ட் கிளிப்புகள் உணராமல் பேசாமல் இருந்துவிடும். அதற்காகவே 'பூஸ்ட்' என்று தனி பட்டன் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்த பட்டனை அழுத்தும்போது தலைகீழ் பாதுகாப்பு பல கருவிகளில் வேலை செய்யாது, பிளஸ் மைனஸை இரண்டு தடவை சரிபாருங்கள்.

இதன் எதிரி கம்பத்து வெயில். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும், லித்தியத்துக்கு அது ஆகாது. டாஷ்போர்டில் வைக்கவே கூடாது. வீட்டில் வைத்துக்கொண்டு மலைக்குப் போகும்போது மட்டும் எடுத்துப் போவது நல்லது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் பார்ப்பதும் அவசியம். இந்த ஒழுங்கு வராது என்று தோன்றினால் சூப்பர் கெப்பாசிட்டர் வகையைப் பாருங்கள். விலை அதிகம், ஆனால் சூடு தாங்கும், மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் கிடந்தாலும் கெடாது, இறங்கிய பேட்டரியில் மிஞ்சியிருக்கும் கரண்டையே சில நிமிடம் உறிஞ்சிச் சேர்த்து ஒரே மூச்சில் திருப்பிக் கொடுக்கும். பேட்டரியில் எதுவுமே மிஞ்சவில்லை என்றால் போன் சார்ஜரோ பவர் பேங்கோ கொண்டு அதை நிரப்ப வேண்டும். பழைய ஈய பேட்டரிப் பெட்டி வகை ஒர்க்‌ஷாப்புக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

இன்ஷூரன்ஸோடு வரும் சாலை உதவியை நம்பலாமா? ஊருக்குள் நம்பலாம். மலைப்பாதையில் சில வளைவுகளில் சிக்னலே கிடைக்காது. கிடைத்தாலும் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருவார் என்ற பேச்சிலேயே நேரம் போகும். சபரிமலை சீசனில் வண்டிகளை ஒருவழியாகத் திருப்பிவிடும் நாட்களில் மெக்கானிக் நினைத்தாலும் சீக்கிரம் வந்துசேர முடியாது. மாலை போட்டு நிலக்கல்லில் வண்டியை விட்டுவிட்டு மலையேறுகிறவர்கள், வண்டியை விட்டு இறங்கும் முன் உள்விளக்கும் ஹெட்லைட்டும் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும். ஹெட்லைட் இரண்டும் எரிந்தால் மணிக்கு 9 ஆம்பியர் ஹவர் போய்விடும், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி நாலு மணி நேரம்கூடத் தாங்காது.

என் தீர்ப்பு இது. கம்பத்திலோ கூடலூரிலோ தெருவில் நிற்கும் கியர் வண்டி என்றால் நல்ல செம்புக் கேபிள் போதும், மிச்சக் காசைப் புது பேட்டரிக்கு வையுங்கள். அடிக்கடி மலையேறுகிறவர்களுக்கும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர், கூடவே கேபிளும். வெளியூரில் வேலை பார்த்து, வண்டியை மாதக்கணக்கில் வீட்டில் நிறுத்திப் போகிறவர்களுக்கு இரண்டுமே சரியான பதில் அல்ல. வண்டி சும்மா நின்றாலும் 30 முதல் 50 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். 50 என்றால் ஒரு மாதத்தில் 36 ஆம்பியர் ஹவர், பேட்டரியே காலி. அவர்கள் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போகலாம், அல்லது பேட்டரி இறங்காமல் மெதுவாக நிரப்பிக்கொண்டே இருக்கும் ஒரு மெயின்டனன்ஸ் சார்ஜர் வாங்கி மாட்டிவிடலாம்.

எப்படி எழுப்பினாலும், எஞ்சின் ஓடும்போதே மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டைனமோ (ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர்) வேலை செய்கிறது, ஊருக்குப் போய்ச் சேர்ந்து சார்ஜரில் போடலாம். 12.5-ஐத் தாண்டாமல் கிடந்தால் டைனமோ கரண்ட் கொடுக்கவில்லை, வண்டி பேட்டரியைத் தின்று ஓடுகிறது. ஏசியை அணைத்துவிட்டு குமுளியிலேயே ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விடுங்கள், மலையிறங்க வேண்டாம்.