ஒரே குறை, பல படங்கள்: ரெட்ரோவுக்கு எந்த உருவகத்தை எடுப்பது?

சாஃப்ட்வேர் குழுவில் ஸ்பிரிண்ட் என்னும் சில வார வேலைச் சுற்று முடிந்ததும், அதைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் உட்கார்ந்து, "எது நன்றாகப் போனது, எது சொதப்பியது, எதை மாற்றலாம்" என்று மூன்று கட்டம் போட்டு ஸ்டிக்கி நோட் ஒட்டுவது நாலைந்து தடவைக்குப் பிறகு சலித்துப்போகும். போன முறை எழுதியதையே வேறு வார்த்தையில் எழுதி ஒட்டிவிட்டு எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்தச் சலிப்புக்கு மருந்தாகத்தான் படகு, பலூன், மலை என்று ஒரு படத்தை வரைந்துவைத்துப் பேசும் வழக்கம் பரவியது. நல்ல வழக்கம்தான். ஆனால் எந்தப் படமாக இருந்தாலும் பலன் ஒன்றுதான் என்று நினைத்து, மிரோ என்ற ஆன்லைன் பலகையில் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற டெம்ப்ளேட்டை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். படத்தில் எதற்கெல்லாம் இடம் இருக்கிறதோ அதைத்தான் குழு பேசும். இடம் இல்லாத விஷயம் பேச்சில் வராமலே போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்வோம். சாஃப்ட்வேர் குழுக்களுக்கு மிகவும் பழகியது: ஸ்பிரிண்ட்டின் கடைசி இரண்டு நாளில்தான் வேலை டெஸ்டிங்குக்கு வந்து சேர்கிறது. டெஸ்டர்கள் திணறுகிறார்கள். ஒன்றிரண்டு ஸ்டோரி (பயனருக்காகச் செய்யும் ஒரு சிறு வேலைத் துண்டு) அடுத்த ஸ்பிரிண்ட்டுக்குத் தள்ளிப்போகிறது. இதே குறை ஒவ்வொரு படத்திலும் என்ன உருவத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்தால், படங்களுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

முதலில், எல்லோரும் கையில் எடுக்கும் பாய்மரப் படகு. பாயைத் தள்ளும் காற்று என்றால் நமக்கு உதவியவை. நங்கூரம் என்றால் இழுத்துப் பிடித்தவை. பாறைகள் இனி வரக்கூடிய ஆபத்துகள், தீவு நம் இலக்கு. இதன் மூதாதை, லூக் ஹோமன் 2006-இல் வெளியிட்ட 'இன்னவேஷன் கேம்ஸ்' என்ற நூலில் இருக்கும் ஸ்பீடுபோட் விளையாட்டு. ஒரு தயாரிப்பில் என்ன பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர்களிடம் கேட்பதற்காக உருவானது அது. படகுதான் தயாரிப்பு, குறைகள் நங்கூரங்கள், எவ்வளவு ஆழத்தில் ஒட்டுகிறார்களோ அவ்வளவு பெரிய குறை.

இந்தப் பூர்வீகம் முக்கியம் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் படகுக்கு வெளியே நின்று குறை சொல்பவர். அவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். அதே படத்தைக் குழுவிடம் கொடுத்தால், குழுவும் கரையில் நின்று தன் படகைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. காற்று எங்கிருந்தோ வருகிறது, பாறை தானாக முளைத்திருக்கிறது, படகில் ஆளே இல்லை! நம் குறை இந்தப் படத்தில் 'டெஸ்டிங் தாமதம்' என்று இரண்டே வார்த்தையில் நங்கூரமாக வந்து விழும். யார் செய்தது, எதனால் நடந்தது என்ற எதுவும் அதில் இருக்காது. அடுத்த ரெட்ரோவிலும் அதே இரண்டு வார்த்தை அதே இடத்தில் இருக்கும்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. நங்கூரத்தை ஒட்டிய பிறகு, அதன் கயிறு படகில் எங்கே கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஒருவர் எழுந்துபோய் நோட்டிலிருந்து படகு வரைக்கும் ஒரு கோடு இழுக்கட்டும், அந்தக் கோடு போய்ச் சேரும் இடத்தில் ஒரு வார்த்தை எழுதட்டும். 'டெஸ்டிங் தாமதம்' என்ற நோட்டிலிருந்து கிளம்பும் கோடு, எழுதிய நிரலை இன்னொருவர் சரிபார்க்கும் 'கோட் ரிவ்யூ' என்ற இடத்தில் முடியலாம். 'ஒரே நேரத்தில் ஏழு ஸ்டோரி திறந்திருக்கிறது' என்பதில் முடியலாம். இரண்டு பேர் இரண்டு வேறு இடத்தில் கோட்டை முடித்தால் இன்னும் நல்லது, அன்றைய ரெட்ரோவுக்குப் பேச வேண்டிய பொருள் கிடைத்துவிட்டது.

படகுக்கென்று ஒரு பெரிய பலமும் இருக்கிறது, அது தீவு. புதிதாகச் சேர்ந்த குழு என்றாலோ, இலக்கு மாறிவிட்டது என்றாலோ நான் தயங்காமல் படகைத்தான் எடுப்பேன். காற்று, நங்கூரம் எல்லாம் அப்புறம். முதலில் தீவை மட்டும் வரைந்து, அங்கே என்ன இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு நோட் பேசாமல் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு தீவு வைத்திருக்கும் குழுவுக்கு நங்கூரத்தைப் பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை.

பந்தயக் கார் அடுத்தது. எஞ்சின் முன்னே தள்ளுகிறது, பின்னால் விரிந்த பாராசூட் இழுக்கிறது. பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பது தவிர இதில் எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. வேகம் ஒன்றே நல்லது என்று படமே முடிவுசெய்துவிடுகிறது. நம் குறை இதில் வரும்போது, டெஸ்டிங்கே பாராசூட்டாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. நேர்கோட்டில் சீறிப் பாயும் நிஜமான டிராக் பந்தயத்தில் பாராசூட் என்பது கார் பத்திரமாக நிற்பதற்காக ஓட்டுநர் வேண்டுமென்றே விரிப்பது. அதனால் இந்தப் படத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றால், 'இதில் எந்தப் பாராசூட் இருந்தே ஆக வேண்டும்' என்ற கேள்வியையும் கூடவே கேளுங்கள்.

பலூன் இதைவிட எவ்வளவோ மேல். மேலே தூக்கும் நெருப்பு, கீழே இழுக்கும் மணல் மூட்டை, தூரத்தில் புயல் மேகம். பார்க்கப் படகின் மறுபதிப்பு போல இருக்கும். ஆனால் மூட்டையை ஏற்றியது நாம், அவிழ்த்துவிட வேண்டியதும் நாம். நங்கூரத்தில் இல்லாத இந்த ஒரு விஷயம் பேச்சையே மாற்றிவிடுகிறது. மூட்டையில் எழுதச் சொன்னால், 'ஸ்டோரி முழுசாக முடிகிறவரை டெஸ்டரிடம் காட்டாமல் வைத்திருக்கிறோம்' என்று செயலோடு சேர்த்து எழுதுகிறார்கள். எதைக் கீழே போடுவது என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

ஒரு தகவல்: மணல் மூட்டை உண்மையில் வாயு பலூனுக்கு உரியது. வெப்பக் காற்றுப் பலூன்கள் பெரும்பாலும் பர்னரை வைத்தே ஏறி இறங்குகின்றன. வாயு பலூனில் போகிறவர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொட்டுவார், கொட்டியது திரும்பக் கிடைக்காது என்பதால். குழுவுக்கும் அந்த நிதானம் வேண்டும். ஒரு ஸ்பிரிண்ட்டுக்கு ஒரு மூட்டை போதும். ஐந்தை ஒன்றாக அவிழ்க்கிறோம் என்று கிளம்பும் குழு, எது பலன் தந்தது என்றே தெரியாமல் நிற்கும்.

மலையேற்றம்தான் என் விருப்பம், அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிகரம், இடையில் முகாம்கள், சறுக்கும் பாறை, வானிலை எல்லாம் இதிலும் உண்டு. மற்ற படங்களில் இல்லாதது கயிறு. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறும் ஆட்கள் படத்துக்குள் இருக்கிறார்கள். நம் குறையை இங்கே கொண்டுவந்தால், 'முன்னால் போகிறவர்கள் வேகமாக ஏறிவிட்டார்கள், கயிற்றின் கடைசியில் டெஸ்டர்கள் இழுபடுகிறார்கள்' என்று வருகிறது. படகில் 'தாமதம்' என்று இருந்தது இங்கே இருவருக்கு நடுவே இருக்கும் இடைவெளியாகிவிட்டது. இடைவெளியைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கத்து ஆட்களும் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. முகாம்களும் உதவும்: ஒவ்வொரு ஸ்டோரியும் எந்த முகாமில் எத்தனை நாள் தங்கியது என்று குறித்தால், பாதி ஸ்பிரிண்ட்டை எது விழுங்கியது என்று கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஆட்கள் படத்துக்குள் வந்துவிட்டதால் விரல் நீளும் அபாயமும் கூடவே வருகிறது. ஏற்கெனவே மனக்கசப்பில் இருக்கும் குழுவிடம் இந்தப் படத்தைக் கொடுத்தால் 'கயிற்றை இழுப்பது யார்' என்ற பஞ்சாயத்தாக முடியும். ரெட்ரோவைப் பற்றி நூல் எழுதிய, ரெட்ரோ என்றாலே நினைவுக்கு வரும் நார்ம் கெர்த், அன்றைக்குத் தெரிந்ததையும் கையில் இருந்ததையும் வைத்து எல்லோரும் தங்களால் முடிந்த சிறந்ததையே செய்தார்கள் என்று நம்பித்தான் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தினார். மலையை வரைகிற நாளில் அதை உரக்கப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அதை ஒப்புக்குக் கேட்டுக்கொள்ளும் நிலையில் குழு இருந்தால் பலூனுக்குப் போய்விடுங்கள். மலைக்கு நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு மாத ஸ்பிரிண்ட்டின் ரெட்ரோவுக்கு ஸ்பிரிண்ட் வைத்து வேலைசெய்யும் ஸ்க்ரம் முறையின் கையேடான ஸ்க்ரம் கைடு தரும் உச்சவரம்பு 3 மணி நேரம். இரண்டு வார ஸ்பிரிண்ட்டுக்குப் பொதுவாக அதில் பாதிதான் கிடைக்கும். அந்த நேரத்தில் முகாம் கணக்கையும் கயிற்றையும் சேர்த்துப் பார்ப்பது சிரமம், ஏதாவது ஒன்றை எடுங்கள்.

மூன்று பன்றிக்குட்டிகள் கதையை வைத்தும் செய்கிறார்கள். வைக்கோல் வீடு ஊதினால் போய்விடும், குச்சி வீடு கொஞ்சம் தாங்கும், செங்கல் வீடு நிற்கும். வேகத்தை விட்டுவிட்டு உறுதியைப் பற்றிப் பேச வைக்கும் ஒரே படம் இது. ப்ரொடக்‌ஷனில் (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடத்தில்) ஏதாவது விழுந்து எழுந்த வாரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. மற்ற வாரங்களில் தேவைப்படாது.

பேட் குவா உருவாக்கிய நட்சத்திரமீன் படத்தை இந்த வரிசையில் சேர்ப்பதே கொஞ்சம் தவறு. தொடரலாம், கூட்டலாம், குறைக்கலாம், தொடங்கலாம், நிறுத்தலாம் என்று ஐந்து கை. அதில் கதை கிடையாது, பயணம் கிடையாது. ஆனாலும் 'கூட்டலாம்', 'குறைக்கலாம்' என்ற அந்த இரண்டு கைகளுக்காக எனக்கு அது பிடிக்கும். 'டெஸ்டரோடு சேர்ந்து உட்கார்வதைக் கூட்டலாம், ஒரே நேரத்தில் திறக்கும் ஸ்டோரிகளைக் குறைக்கலாம்' என்று அளவோடு ஒரு முடிவு வருகிறது. ரெட்ரோவைப் பற்றிச் சேர்ந்து நூல் எழுதிய எஸ்தர் டெர்பியும் டயானா லார்சனும் அதை ஐந்து கட்டமாகப் பிரித்தார்கள்: சூழலை அமைப்பது, விவரம் திரட்டுவது, அதிலிருந்து புரிந்துகொள்வது, என்ன செய்வது என்று முடிவெடுப்பது, முடித்துவைப்பது. படகு, பலூன், மலை எல்லாம் இரண்டாவது கட்டத்திலும் மூன்றாவதிலும் நன்றாக உழைக்கும். நான்காவதில் கைவிட்டுவிடும். அந்த இடத்தில் நட்சத்திரமீனை எடுத்து வையுங்கள்.

எந்தப் படமாக இருந்தாலும் கையால், அவசரமாக, கோணல்மாணலாக வரையுங்கள். அச்சடித்தது போல இருக்கும் டெம்ப்ளேட்டில் யாரும் கைவைக்கத் துணிவதில்லை. கோணலான படகில்தான் யாராவது ஒருவர் எழுந்துபோய் ஓட்டை ஒன்றை வரைவார். பார்வைக் குறைபாடு உள்ளவர் குழுவில் இருந்தால் ஒவ்வொரு நோட்டையும் இடத்தோடு சேர்த்துப் படித்துக்காட்ட வேண்டும், 'ஆழமான நங்கூரம்', 'இரண்டாவது முகாம்' என்று.

இன்னொன்று, ஒவ்வொரு ரெட்ரோவுக்கும் புதுப் படம் தேட வேண்டியதில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே படத்தை வையுங்கள். முதல் முறை முடிந்ததும் பலகையைப் புகைப்படம் எடுத்துவைத்து, இரண்டாவது முறை அதைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். நகராமல் அப்படியே இருக்கும் நோட் எது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவது முறை வேறு படத்துக்குப் போங்கள்.